சின்ன ரிப்பேருக்கு கார் வாரண்டி செல்லுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்ஜின் பிளாக் விரிசல் விட்டால் வாரண்டி உண்டா என்று யாரும் கேட்பதில்லை. கேள்வி வருவதெல்லாம் ஏறாத பவர் விண்டோ, பனி படிந்த ஹெட்லைட், டேஷ்போர்டுக்குள் கிரீச் சத்தம், அடிக்கடி குறையும் ஏசி கேஸ் பற்றித்தான். இங்குள்ள பதில்கள் புதுக் காரோடு வரும் கம்பெனி வாரண்டியை வைத்துச் சொல்லப்பட்டவை. கால வரம்பும் கிலோமீட்டர் வரம்பும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், உங்கள் கார் வாரண்டி புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சின்ன ரிப்பேர்கள் எல்லாம் வாரண்டியில் வருமா?

வாரண்டி புத்தகத்தில் சின்னது, பெரியது என்ற பிரிவே கிடையாது. அது பார்ப்பது ஒன்றைத்தான்: பாகத்தைச் செய்ததிலோ பொருத்தியதிலோ இருந்த குறையால் கெட்டதா, அல்லது தேய்ந்தோ, அடிபட்டோ, பராமரிக்காமல் விட்டோ கெட்டதா? வைப்பர் ரப்பர் கிழிந்தால் உங்கள் செலவு. வைப்பர் மோட்டார் நின்றுபோனால் கம்பெனி செலவு. ரிமோட் சாவியின் பட்டன் பேட்டரி உங்களுடையது. கதவுக்குள் இருக்கும் லாக் மோட்டார் கம்பெனியுடையது. அதனால் கவுண்டரில் போய் "இந்தப் பாகத்துக்கு வாரண்டி உண்டா?" என்று கேட்பதைவிட, "இது ஏன் போச்சு?" என்று கேளுங்கள். பதில் எந்தப் பக்கம் சாயும் என்பதை அந்தக் காரணம்தான் முடிவு செய்யும்.

பிரேக் பேட், கிளட்ச் போன்றவற்றுக்கு எந்த நிலையிலும் கிடைக்காதா?

தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை என்பதால் வழக்கமான தேய்மானத்துக்குக் கிடைக்காது. ஃபில்டர்கள், ஸ்பார்க் பிளக், சாதாரண பல்ப், ஃபியூஸ் எல்லாம் இதே வரிசைதான். ஆனால் "தேய்மானப் பொருள்" என்று சொன்னதுமே பேச்சு முடிந்துவிடாது. ஒரே சக்கரத்தில் உள்பக்க பேட் 2 மி.மீ., வெளிப்பக்க பேட் 8 மி.மீ. என்று இருந்தால் அது ஓட்டிய விதத்தால் வந்த தேய்மானம் இல்லை. பேடை டிஸ்க் மேல் அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் திரும்ப உள்ளே போகாமல் சிக்கியிருக்கலாம். அது காலிப்பரின் குறை என்று உறுதியானால், அதனால் வீணான பேடையும் சேர்த்தே மாற்றித் தரும்படி கேட்கலாம். அதே தேய்மானம் காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் கிரீஸ் இல்லாமல் இறுகியதால் வந்திருந்தால், பராமரிப்புக் குறை என்று தள்ளிவிடுவார்கள். பேடின் உராய்வுப் பகுதி அடித்தகட்டிலிருந்து அப்படியே பிரிந்து வந்திருந்தால் அது தயாரிப்புக் குறை.

கிளட்சிலும் இதே கதைதான். டிஸ்க் எரிந்து கருகியிருந்தால் கொடுக்க மாட்டார்கள். டிஸ்க்கில் ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ, கியர்பாக்ஸ் ஆயில் சீல் கசிந்து டிஸ்க் மேல் எண்ணெய் பட்டிருந்தாலோ நிலைமை வேறு. எனவே கழற்றிய பாகத்தை நேரில் பாருங்கள், போட்டோ எடுங்கள்.

வீல் அலைன்மென்ட், கதவு சரியாக மூடாதது, டேஷ்போர்டு சத்தம்?

இவை "சரிசெய்யும் வேலைகள்" என்ற தனி வகை. பாகம் கெடவில்லை, பொருத்தம் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பல கம்பெனிகள் இவற்றை முதல் சில மாதங்களுக்கோ முதல் ஒரு வருடத்துக்கோ மட்டும் இலவசமாகச் செய்யும். முழு வாரண்டி காலம் இன்னும் மீதமிருந்தாலும் இதற்கான காலம் முடிந்திருக்கும். பானெட் இடைவெளி, கதவு கீல், ஹெட்லைட் கோணம், ஸ்டியரிங் நேராக இல்லாதது எல்லாம் இதில் அடங்கும். புதுக் கார் எடுத்ததும் இதற்காகவே ஒருமுறை காரைச் சுற்றி வந்து நிதானமாகப் பாருங்கள். பழகிவிட்டால் நம் கண்ணுக்கே தெரியாது.

வாரண்டி எந்த நாளிலிருந்து கணக்கு?

கார் முதன்முதலில் டெலிவரி ஆன நாள் அல்லது முதல் பதிவு நாள். தயாரித்த தேதி அல்ல. வருடம், கிலோமீட்டர் இரண்டில் எது முதலில் முடிகிறதோ அப்போதே வாரண்டியும் முடியும். டெமோ காராக ஓடியதை வாங்கினால் கணக்கு அவர்கள் ஓட்டத் தொடங்கிய நாளிலேயே ஆரம்பித்திருக்கலாம். சிஸ்டத்தில் பதிவாகியிருக்கும் தொடக்கத் தேதியை வாங்கும் முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் சென்டரில் புகாரை எப்படிச் சொல்ல வேண்டும்?

சின்ன ரிப்பேர் வாரண்டிகளில் பாதி இங்கேதான் ஜெயிக்கிறது, இங்கேதான் தோற்கிறது. டீலர் செய்யும் வாரண்டி வேலைக்குக் கம்பெனி பணம் தர வேண்டுமானால் ஜாப் கார்டில் (புகாரையும் வேலையையும் எழுதும் சர்வீஸ் தாள்) மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்: வாடிக்கையாளர் சொன்ன புகார், கண்டுபிடித்த காரணம், செய்த வேலை. முதல் வரி மொட்டையாக இருந்தால் மற்ற இரண்டும் நிற்காது.

"முன்னாடி சத்தம், செக் பண்ணவும்" என்று எழுதினால் ஒருவர் பார்க்கிங்கில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு "சத்தம் இல்லை" என்று எழுதி வண்டியைக் கொடுத்துவிடுவார். அதையே இப்படி எழுதச் சொல்லுங்கள்: "காலையில் முதல் ஸ்டார்ட்டில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, ஸ்டியரிங்கை முழுக்க வலப்பக்கம் ஒடித்து ரிவர்ஸ் எடுத்தால் இடது முன்பக்கத்தில் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். பத்து நிமிடம் ஓடியபின் வருவதில்லை." எப்போது, என்ன செய்யும்போது, எந்தப் பக்கம், எத்தனை முறை, எப்போது வருவதில்லை என்ற ஐந்தும் அதில் வந்துவிட்டன. மெக்கானிக்குக்கு வேலை பாதி முடிந்த மாதிரி.

புகாரைக் கேட்டு எழுதும் சர்வீஸ் அட்வைசர் எழுதியதைக் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். "வாடிக்கையாளர் பொதுச் செக்கப் கேட்டார்" என்று மாறியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். ஓடோமீட்டர் எண்ணும் தேதியும் சரியா என்று பாருங்கள். பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும், வேலை எதுவும் நடக்காமல் திரும்பினாலும்.

நான் போகும்போது மட்டும் பிரச்சினை வருவதே இல்லை. என்ன செய்வது?

விட்டுவிட்டு வரும் குறைகள் எல்லாக் கார்களிலும் உண்டு. போனில் வீடியோ எடுங்கள். ஸ்பீடோமீட்டரும் எச்சரிக்கை விளக்கும் ஒரே ஃபிரேமில் தெரிய வேண்டும். உங்களோடு மெக்கானிக்கை உட்கார வைத்து நீங்களே ஓட்டிக் காட்டலாமா என்று கேளுங்கள். குளிர்ந்த இன்ஜினில் மட்டும் வரும் குறை என்றால் முந்தைய இரவே காரை அங்கே விட்டுவிடுவதுதான் வழி. ஓட்டிக்கொண்டு போனால் சூடாகித்தான் சேரும்.

அப்படியும் கண்டுபிடிக்கவில்லை என்றால், "புகார் பெறப்பட்டது, இன்று தெரியவில்லை" என்று எழுதிய ஜாப் கார்டை வாங்கிக்கொண்டு வாருங்கள். இந்தத் தாளுக்குப் பிற்பாடு மதிப்பு வரும். வாரண்டி முடிந்தபின் அதே குறை பெரிதானால், காலத்துக்குள்ளேயே சொன்னோம் என்பதற்கு அதுதான் சாட்சி. வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டு வந்ததற்கு எந்தச் சாட்சியும் இல்லை.

எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் போய்விடுகிறதே?

விளக்கு போகும், ஆதாரமும் போகும். செக் இன்ஜின் விளக்கு எரியும்போது கண்ட்ரோல் யூனிட் (காரின் கம்ப்யூட்டர்) என்ன குறை என்று காட்டும் கோடை (code) மட்டும் சேமிப்பதில்லை. அந்த நொடியில் இருந்த இன்ஜின் வேகம், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பம், வண்டி வேகம், லோடு ஆகியவற்றையும் சேர்த்துப் பதிவு செய்கிறது. எப்போதாவது ஒருமுறை வரும் குறையைப் பிடிக்க மெக்கானிக்குக்கு அதைவிட நல்ல துப்பு இல்லை. மலிவு ஸ்கேனரால் கோடை அழித்தாலும் இதே இழப்புதான். படிக்கலாம், எழுதி வைக்கலாம், அழிக்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். பி0455 போன்ற பெட்ரோல் ஆவிக் கசிவு கோடு வந்தால் முதலில் பெட்ரோல் மூடியைப் பாருங்கள். சரியாகத் திருகாத மூடியே இதற்குப் பல நேரம் காரணம். கிளிக் சத்தம் வரும்வரை திருகிவிட்டு சில நாள் ஓட்டினால் விளக்கு தானாக அணைந்துவிடும். மூடிக்காகச் சர்வீஸ் சென்டர் போனால் வாரண்டி வேலை எதுவும் இருக்காது, சோதனைக் கட்டணம்தான் மிஞ்சும்.

சிவப்பு விளக்கு எரிந்தபின் ஓட்டாதீர்கள். கூலன்ட் ஹோஸ் கிளாம்ப் தளர்ந்தது வாரண்டியில் வரும் சின்ன வேலை. வெப்பமானி சிவப்பில் நிற்க ஓட்டிக்கொண்டே போய் ஹெட் கேஸ்கெட் போனால், அந்தப் பெரிய செலவை "தெரிந்தும் ஓட்டியது" என்று மறுத்துவிடுவார்கள். எந்த வெப்பத்தில் ஓடியது என்பது பல கார்களில் கண்ட்ரோல் யூனிட்டிலேயே பதிவாகியிருக்கும்.

ஏசி குளிரவில்லை. "கேஸ் நிரப்புவது வாரண்டியில் வராது" என்கிறார்களே?

பாதி உண்மை. ஏசி என்பது மூடிய சுற்று. கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகும் பொருள் அல்ல. இரண்டு வயது காரில் கேஸ் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசியும் பாகம் வாரண்டியில் வந்தால், அதை மாற்றும்போது நிரப்பும் கேஸும் அந்த வேலையின் பகுதியே. கசிவைத் தேடாமல் கேஸ் மட்டும் அடித்துவிட்டு பில் போடுவதை ஏற்காதீர்கள். சில வாரத்தில் மறுபடி அங்கேதான் நிற்பீர்கள்.

இப்படிக் கேளுங்கள். முதலில் காரில் இருக்கும் கேஸை மெஷினால் உறிஞ்சி எடை பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை கிராம் இருக்க வேண்டும் என்று பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சிறிய கார்களில் பெரும்பாலும் 400 முதல் 600 கிராம். 500 இருக்க வேண்டிய இடத்தில் 220 வந்தால் கசிவு உறுதி, அந்த எண் ஜாப் கார்டில் ஏற வேண்டும். பிறகு புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தாலோ எலெக்ட்ரானிக் கருவியாலோ இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் வெளியே வருவதால் கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும்.

அந்தப் பிசுக்கு எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். பைப் இணைப்பில், ஓ-ரிங் எனும் ரப்பர் வளையத்தில், முன்பக்கம் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரின் பக்கவாட்டு வெல்டிங்கில் இருந்தால் குறை கம்பெனியுடையது. கண்டென்சரின் நடுவில், மடங்கிப்போன துடுப்புகளுக்கு மத்தியில் ஒரு புள்ளி மாதிரி இருந்தால் கல் அடித்தது. வாரண்டி இல்லை, இன்சூரன்ஸைத்தான் பார்க்க வேண்டும். "கல் அடித்தது" என்று சொன்னால் அந்தப் புள்ளியைக் காட்டச் சொல்லுங்கள். துடுப்புகள் நேராக இருக்கும் இடத்தில் கல்லைக் குற்றம் சொல்ல முடியாது.

கேஸ் சரியாக இருந்தும் காற்று வரவில்லை என்றால் முதலில் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். அது அடைத்திருந்தால் பராமரிப்புச் செலவு, உங்களுடையதே.

பேட்டரி செத்துப்போச்சு. "சார்ஜ் பண்ணினால் சரியாகிவிடும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பேட்டரிக்குப் பெரும்பாலும் தனி வாரண்டி, தனிக் காலம். அவர்கள் மாட்டும் டெஸ்டர் "நல்லது", "சார்ஜ் செய்து மறுபடி சோதிக்கவும்", "மாற்றவும்" என்று ஒன்றைக் காட்டும். கடைசி முடிவு வந்தால்தான் மாற்றுவார்கள். விளக்கை அணைக்க மறந்து இறங்கியது குறை அல்ல. முழு சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஓய்வில் விட்டுப் பார்த்தால் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. முழு சார்ஜ் ஏற்றியும் அடுத்த நாளே இறங்கினால் மறுபடி போய் டெஸ்டர் ரசீதை அச்சிட்டு வாங்குங்கள்.

பேட்டரியை மாற்றியும் இறங்கினால் எதுவோ மின்சாரத்தைத் தின்கிறது. கார் பூட்டி எல்லா எலெக்ட்ரானிக் யூனிட்டும் தூங்கியபின் இழுக்கும் மின்னோட்டம் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். நீங்கள் மாட்டிய டேஷ்கேம் 250 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 6 ஆம்பியர் மணி. 60 ஆம்பியர் மணி பேட்டரி ஐந்து நாளில் பாதியாகிவிடும். புகார் கொடுக்கும் முன் அதைக் கழற்றிவிட்டு ஒரு வாரம் பாருங்கள். அப்படியும் இறங்கினால் உங்கள் வாதம் பலமாக இருக்கும்.

ஹெட்லைட்டுக்குள் பனி படிந்திருக்கிறது. மாற்றித் தருவார்களா?

மெல்லிய ஆவிப் படலம் என்றால் தர மாட்டார்கள், அதில் நியாயமும் உண்டு. ஹெட்லைட் காற்றுப்புகாத பெட்டி அல்ல; பின்னால் சிறிய காற்றுத் துளைகள் உண்டு. கழுவியபின் குளிர்ந்தால் ஓரத்தில் ஆவி படியும், விளக்கைப் போட்டு அரை மணி ஓட்டினால் மறையும். துளித்துளியாக ஒழுகும் நீர், அடியில் தேங்கிய தண்ணீர், நாள் கணக்கில் போகாத பனி ஆகியவை சீல் குறை. ஓட்டும் முன் ஒரு போட்டோ, ஓட்டியபின் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். லென்ஸில் விரிசல் இருந்தாலோ, அதிக வாட் பல்ப் போடப் பின் மூடியை வெட்டியிருந்தாலோ கதை அங்கேயே முடியும்.

ஆயில் கசிவு லேசாக இருக்கிறது. "இது சகஜம்" என்கிறார்கள்.

ஈரம் வேறு, சொட்டு வேறு. தூசி ஒட்டிய லேசான ஈரத்தைப் பல கம்பெனிகள் குறையாக எடுப்பதில்லை. ஷாக் அப்சார்பரிலும் அதே நிலைதான். அந்த இடத்தைத் துடைத்துச் சுத்தம் செய்து, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி மறுபடி பார்க்கும்படி ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். துளி கட்டித் தொங்கினால் மாற்ற வேண்டும். வாரண்டி முடியப் போகிறது என்றால் இந்த "மறுபடி பார்க்க" வரி கண்டிப்பாக இருக்கட்டும்.

வெளி கேரேஜில் ஆயில் மாற்றினால் வாரண்டி போய்விடுமா?

வெளியே மாற்றியது மட்டுமே பவர் விண்டோ மோட்டாரின் வாரண்டியைப் பறிக்க முடியாது. ஆயிலுக்கும் கண்ணாடிக்கும் சம்பந்தமில்லை. இன்ஜின் சம்பந்தப்பட்ட குறை வந்தால் கேட்பார்கள்: எந்த கிரேடு ஆயில், எந்த ஃபில்டர், எத்தனை கிலோமீட்டரில்? மேனுவலில் 0டபிள்யூ-20 என்றிருந்தால் பில்லிலும் அதுவே இருக்க வேண்டும். தேதி, ஓடோமீட்டர், பதிவு எண் மூன்றும் இல்லாத பில் வெறும் காகிதம். சில நாடுகளிலும் சில ஒப்பந்தங்களிலும் நிபந்தனை வேறாக இருக்கலாம், ஆகவே புத்தகத்தில் அந்தப் பத்தியை மட்டும் முதலிலேயே படித்துவிடுங்கள்.

ஆக்சசரி மாட்டினால்?

மாட்டியதால் கெட்டதா என்பதுதான் கேள்வி. ஸ்டீரியோவுக்காக வயரை வெட்டி டேப் சுற்றியிருந்தால், அந்த வயர் தொகுப்பிலுள்ள எந்த மின் குறைக்கும் விரலை உங்கள் பக்கம் நீட்டுவார்கள். வெட்டாமல் அசல் கப்ளரிலேயே இணையும் அடாப்டர் இருந்தால் அதையே போடுங்கள். எலி கடித்த வயர் வாரண்டியில் வராது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

பார்த்ததற்கே கட்டணம் கேட்கிறார்களே?

காரணம் வாரண்டிக்குள் வந்தால் சோதனைக் கட்டணம் பெரும்பாலும் இல்லை. வெளியே போனால் உங்கள் தலையில். கழற்றும் முன்பே "வாரண்டி இல்லையென்றால் எவ்வளவு, அதற்கு முன் என்னைக் கூப்பிடுவீர்களா?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். டீலர் ஏன் சில நேரம் தயங்குகிறார் என்பதற்கும் இங்கே காரணம் உண்டு. ஒவ்வொரு வாரண்டி வேலைக்கும் கம்பெனி ஒரு நிலையான நேரத்தைத்தான் கணக்கில் எடுக்கும். டேஷ்போர்டு சத்தத்தைத் தேடி இரண்டு மணி நேரம் போனாலும் அவருக்கு வரவு அந்த நிலையான நேரத்துக்கு மட்டுமே. துல்லியமான புகார் அவருக்கும் லாபம்.

மாற்றிய பாகத்துக்குப் புது வாரண்டி கிடைக்குமா?

வாரண்டியில் மாற்றியது என்றால் வழக்கமாகக் காரின் மீதமுள்ள காலம் வரை மட்டுமே. காசு கொடுத்து மாற்றியது என்றால் அந்தப் பாகத்துக்குத் தனி வாரண்டி ஓடும், அதனால் பில்லைத் தூக்கி எறியாதீர்கள். வாரண்டியில் கழற்றிய பழைய பாகம் உங்களுக்குக் கிடைக்காது. கம்பெனி பரிசோதிக்க டேக் கட்டி வைப்பார்கள்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி சின்ன ரிப்பேருக்கு உதவுமா?

இரண்டு மாதிரி உண்டு. "இந்த இந்தப் பாகங்கள் உண்டு" என்று பட்டியலிடுவது ஒன்று. "இவை தவிர எல்லாம் உண்டு" என்பது மற்றொன்று. சின்ன ரிப்பேருக்கு இரண்டாவதே உருப்படி. முதல் வகையில் ஸ்விட்ச், சென்சார், கதவு லாக் எல்லாம் பட்டியலுக்கு வெளியே போயிருக்கும். ஒவ்வொரு முறையும் நீங்கள் கட்ட வேண்டிய பங்குத் தொகை எவ்வளவு என்று பாருங்கள். அது வழக்கமான ஸ்விட்ச் விலையைவிட அதிகமென்றால் சின்ன ரிப்பேருக்கு அந்தத் திட்டம் இருந்தும் இல்லாத மாதிரிதான். இன்னொன்று, முன் அனுமதி வாங்காமல் கழற்றினால் பல திட்டங்கள் பணம் தராது.

மறுத்துவிட்டார்கள். அடுத்து?

மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில், போட்டோவோடு கேளுங்கள். வாயால் "வராது" என்பவர் எழுதச் சொன்னால் பல நேரம் மறுபடி பார்க்கிறேன் என்பார். பிறகு வாரண்டி மேலாளர், அதன்பின் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவு. பதினேழு இலக்க சேசிஸ் எண்ணைக் கொடுத்து, இந்தக் குறைக்கு ரீகால் (குறையுள்ள கார்களைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்வது) அல்லது டீலர்களுக்கான சர்வீஸ் சுற்றறிக்கை உண்டா என்று விசாரியுங்கள். ரீகால் என்றால் வாரண்டி முடிந்திருந்தாலும் பொதுவாக இலவசம். சுற்றறிக்கை என்றால் வாரண்டிக்குள் இருந்தால் மட்டும் இலவசம், ஆனால் குறை தெரிந்த ஒன்று என்பதற்கு அது அத்தாட்சி.

வாரண்டி முடிந்து சில வாரமே ஆகியிருந்தால், சர்வீஸ் பதிவு ஒழுங்காக இருந்தால், நல்லெண்ண அடிப்படையில் பாகத்தின் விலையையோ கூலியையோ கம்பெனி பகிரலாம். இது உரிமை அல்ல, கோரிக்கை. குரலை உயர்த்திக் கேட்டால் கிடைக்காது.

வாரண்டி அடுத்த மாதம் முடிகிறது. என்ன செய்யலாம்?

பாகம் வரவழைக்க நேரம் ஆகும் என்பதால் கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு மாலை உட்கார்ந்து எல்லா ஸ்விட்சையும் போட்டுப் பாருங்கள்: நான்கு கண்ணாடிகள், பக்கக் கண்ணாடி மடிப்பு, சீட் சரிசெய்யும் லீவர், யுஎஸ்பி, ரிவர்ஸ் கேமரா, டிக்கி விளக்கு, ஹாரன், ஏசியின் ஒவ்வொரு வேகமும். ஈரத்துணியால் கதவு ரப்பரைத் துடைத்து விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். ரேம்பில் ஏற்றி ஸ்டியரிங் ரேக், டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் பூட், சஸ்பென்ஷன் புஷ், ஷாக் அப்சார்பர், இன்ஜின் மவுன்ட் ஆகியவற்றைக் காட்டச் சொல்லுங்கள். கிடைத்ததையெல்லாம் ஒரே ஜாப் கார்டில் தனித்தனி வரியாக ஏற்றுங்கள். பாகம் வர இரண்டு மாதம் ஆனாலும் பெரும்பாலும் புகார் பதிவான தேதியையே கணக்கில் எடுப்பார்கள்.